கிண்ணத்துக்கு வெளியே

க்ளெம் வெல்பர்னை யாரும் திருடன் என்று சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்வதில்லை. ஒரே ஒரு ஆள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் அந்த மனுஷனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். எங்கள் யார்க்‌ஷையர் மேட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. தெரிந்ததை எல்லாம் வாயால் சொல்லிவிட்டால் அப்புறம் மறுநாள் யாரோடு சேர்ந்து ஆடு மடக்குவது?

ஆறடி உயரம், இது நடந்தபோது ஐம்பத்தெட்டு வயசு, இரண்டு காதும் முறம் மாதிரி. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்கிறவர் அவர்தான். ஆட்டுக் கண்காட்சியில் எது நல்ல கிடா என்று தீர்ப்புச் சொல்கிறவரும் அவர்தான். வழிதவறிய ஆடு ஒன்று அவர் பக்கம் வந்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய்ச் சொந்தக்காரன் வாசலில் விட்டுவிடுவார். விட்டுவிட்டு லேசில் கிளம்பமாட்டார். "அடுத்தவன் ஆடு நம்ம புல்லுல ஒரு வாய் தின்னா அது விருந்தாளி. அதை நாம வச்சுக்கிட்டா களவு" என்று ஒரு பிரசங்கம் நடக்கும். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

மேட்டில் வேலி கிடையாது. கண்ணுக்கு எட்டின மட்டும் ஹெதர் புதர், நடுநடுவே பெரணி, வடக்கே சதுப்பு. அத்தனை பெரிய வெட்டவெளியில் ஆடுகள் எப்படிக் கலையாமல் நிற்கின்றன என்றால், தாய் மேய்ந்த இடத்தில்தான் குட்டி மேயும். முதல் கோடையில் தாயின் பின்னாலேயே சுற்றி எந்தப் புல், எந்தத் தண்ணீர், பனி கொட்டினால் எந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்குவது என்று பார்த்துக்கொள்ளும். செத்தாலும் அந்த இடத்தை விட்டு நகராது. ஒரு வருஷத்துக் குட்டிகள் அதைப் பார்க்காமல் போய்விட்டால், அடுத்து அவை போடும் குட்டிகளுக்குக் காட்ட ஒன்றுமே இருக்காது. அந்த மந்தைக்கு இடம் என்று ஒன்று இல்லாமலே போய்விடும்.

இடங்களில் எல்லாம் சிறந்த இடம் கிண்ணம். மேட்டு நடுவில் வட்டமாக ஒரு பெரும் பள்ளம். ராட்சசன் ஒருவன் பொண்டாட்டியோடு சண்டை போட்டு ஒரு கை மண் அள்ளி எறிந்த பள்ளம் என்று காரில் வருகிறவர்களிடம் சொல்லி வைப்போம். அப்படி எறிந்திருந்தால் அந்தப் பொம்பளை பிழைத்திருக்க மாட்டாள், அது வேறு கதை. பள்ளத்தின் அடியில் ஒரு ஊற்று. அதைச் சுற்றி எப்போதும் பச்சை. ஊற்றுப் பக்கம் ஆம்ப்ரோஸ் மெட் வீட்டு ஆடுகளின் இடம். தெற்குச் சரிவு வெல்பர்ன் வீட்டு ஆடுகளின் இடம். யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆடுகளுக்குத் தெரியும்.

எழுபத்தாறாம் வருஷத்துக் கோடையில் மழை என்பதையே நாங்கள் மறந்துபோனோம். அந்த வருஷம் மே மாசம்தான் ஆம்ப்ரோஸ் மெட் வைக்கோல் போரிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். க்ளெமை விட நாலைந்து மாசம் பெரியவர், கல்யாணம் கட்டாதவர், சர்ச்சில் அவருடைய அடிக்குரல் கேட்டால் ஜன்னல் அதிரும். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துப் பண்ணை, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. யார்க் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். க்ளெம் பார்க்கப் போனார்.

"என்னடா, என் ஆடுக இருக்கா, செத்துச்சா?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"உன்னைய விட நல்லாத்தான் இருக்கு. அதுல ஒண்ணுகூட வைக்கப்போர்லேருந்து விழலை."

"சிரிக்க வைக்காதடா பாவி, இடுப்பு பிடுங்குது." கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார். "நான் எந்திரிச்சு நடமாட எப்படியும் குளிர் வந்துரும். நீ தினம் மேட்டுக்குப் போறவன்தானே. என் உருப்படிகளையும் ஒரு பார்வை பாத்துக்க. உன்னைய நம்பித்தான் விட்டிருக்கேன்."

"இதெல்லாம் ஒரு பேச்சாடா?" என்று க்ளெம் திட்டினார். மனசாரத்தான் திட்டினார். அன்றைக்கு அவர் மனசில் கள்ளம் இல்லை, அதை நான் அடித்துச் சொல்லுவேன்.

ஜூலையில் தெற்குச் சரிவு காய்ந்து செம்பட்டையாகிவிட்டது. க்ளெமின் ஆடுகள் வேர் வரைக்கும் மேய்ந்துவிட்டு நின்று கத்தின. அடியில் ஊற்றைச் சுற்றி மெட் வீட்டு ஆடுகள், பிட்டத்தில் அந்த வீட்டு அடையாளமான சிவப்புக் குறியோடு, பச்சையில் சாவகாசமாகப் படுத்து அசைபோட்டன. ஒரு நாள் காலையில் க்ளெம் தன் நாய் மெக்கைப் பார்த்து மெல்ல ஒரு விசில் கொடுத்தார். மெக் போய்ச் சிவப்புக் குறி ஆடுகளை எழுப்பி வடக்குத் தடத்தில் கொஞ்ச தூரம் நகர்த்திவிட்டுத் திரும்பியது. தன் ஆடுகளை ஊற்றுக்கு இறக்கினார். இன்றைக்கு ஒரு நாள்தானே, பாவம், அதுகளும் வாயில்லாப் பிராணிதானே என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார். மெக்குக்கு ரொட்டி விளிம்பில் ஒரு துண்டு கொடுத்து, "சமத்து" என்றார்.

மறுநாளும் வாயில்லாப் பிராணிகளுக்குப் பசித்தது.

ஆகஸ்டில் விசில்கூட வேண்டியிருக்கவில்லை. கிண்ணத்தின் விளிம்பில் போய் நின்றாலே போதும், மெக் இறங்கிப் போய் மெட் வீட்டு ஆடுகளை வளைத்து வடக்கே ஏற்றிவிட்டு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ரொட்டிக்கு வந்து நிற்கும். ஆடுகளுக்கும் பழகிவிட்டது. அடுத்தவன் ஆட்டை நாய்விட்டு விரட்டுவதுதான் எங்கள் மேட்டில் பாவத்திலெல்லாம் பெரிய பாவம். ஆட்டையே திருடினால்கூடத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இடத்தைப் பிடுங்கினால் எதைத் திருப்பிக் கொடுப்பது? க்ளெமுக்கு இது தெரியாதா? மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவரே அவர்தானே. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

அவர் மனைவி எனிட் ஒரு நாள் முற்றத்தில் நின்று ஆடுகளைப் பார்த்தாள். "இந்தாய்யா, ஊர்ல எல்லார் ஆடும் எலும்பும் தோலுமா நிக்குது. நம்மது மட்டும் எப்படி மினுமினுன்னு இருக்கு?"

"ஆண்டவன் கருணை."

"ஆண்டவனுக்கு நம்ம மேல மட்டும் என்ன அப்படி ஒரு பிரியம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலம் க்ளெம் திராட்சை வாங்கிக்கொண்டு ஆம்ப்ரோஸைப் பார்க்கப் போனார். "எல்லாம் நல்லாருக்குடா, கவலைப்படாம தூங்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். வரும் வழியில் காரை ஓரம் கட்டி வாந்தி எடுத்தார் என்று பிற்பாடு அவரே எனிட்டிடம் சொன்னாராம். வாந்தி எடுத்த மனுஷன் மறுநாள் காலை மேட்டுக்குப் போகாமல் இருந்தாரா என்றால், அதுவும் இல்லை.

அக்டோபரில் எல்லோரும் சேர்ந்து ஆடு மடக்கும் நாள் வந்தது. மேடு முழுக்க வரிசை கட்டி நடந்து, இருக்கிற ஆட்டையெல்லாம் கிண்ணத்துக்குள் இறக்கி, அங்கிருந்து தெற்கே பட்டிக்கு ஓட்டி, அவரவர் உருப்படியைப் பிரித்துக்கொள்வது வழக்கம். ஆம்ப்ரோஸ் அன்றைக்குத்தான் முதல்முதலாக வெளியே வந்தார். அவர் அண்ணன் மகள் ஹேஸல் ஜீப்பில் கொண்டுவந்து விளிம்பு மேல் சாலையோரமாக ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். லீட்ஸில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுச் சித்தப்பாவின் பண்ணையை எடுத்து நடத்த அப்போதுதான் வந்திருந்த பெண். க்ளெமை 'மாமா' என்றுதான் கூப்பிடுவாள்.

மெட் வீட்டு ஆடுகளைத் தேடித் தேடி, கடைசியில் வடக்குச் சதுப்பில் கண்டுபிடித்து ஓட்டிவந்தவர்கள் ஹேஸலும் தபால்காரன் பெர்ஸியும். பெர்ஸிக்கும் கொஞ்சம் ஆடு உண்டு. ஆட்டை விட வாய் அதிகம்.

"யோவ் ஆம்ப்ரோஸ், உன் ஆடுகளை அடையாளமே தெரியலைய்யா! நான் ஏதோ முயல்னு நெனச்சேன்" என்று கீழேயிருந்து கத்தினான். "சதுப்புல ரெண்டு குட்டி மாட்டிச் செத்துக் கிடக்குது. எதுக்கு அதுக அங்க போச்சு?"

ஆம்ப்ரோஸ் கைத்தடியை ஊன்றி எட்டிப் பார்த்தார். "க்ளெம், என்னடா இது?"

"வறட்சிடா. தண்ணி தேடிப் போயிருக்கும்" என்றார் க்ளெம் பள்ளத்திலிருந்து.

"தண்ணி இங்கதானேய்யா இருக்கு?" என்றான் பெர்ஸி. அவன் குத்தலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டான்.

அதற்குள் எல்லா ஆடும் கிண்ணத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது. நீலக் குறி, சிவப்புக் குறி, பச்சைக் குறி எல்லாம் ஒன்றாகக் கலந்து நின்று கத்திக்கொண்டிருந்தன. தாகம் எடுத்த மெட் வீட்டுக் கிழட்டு ஆடு ஒன்று ஊற்றுப் பக்கம் போனது. அதன் பின்னால் அதன் கூட்டம் மொத்தமும் போனது.

மெக் பார்த்தது. இது இங்கே இருக்கக்கூடாதே என்று நினைத்திருக்கும்.

யாரும் விசில் கொடுக்கவில்லை. க்ளெம் வாயைத் திறக்கவே இல்லை. மெக் வயிறு தரையில் படுகிற மாதிரி பதுங்கிப் போய், அத்தனை ஆட்டுக்கும் நடுவில் புகுந்து, மெட் வீட்டு ஆடுகளை மட்டும் ஒன்றுவிடாமல் பிரித்தெடுத்தது. நாய் வருவதைக் கண்டதும் அவையும் தாமாகவே வரிசை கட்டிக்கொண்டன. கிழட்டு ஆடு முன்னால், குட்டிகள் பின்னால், வடக்குத் தடத்தில் ஏறி, விளிம்பைத் தாண்டி, சதுப்பைப் பார்த்துப் போய்விட்டன. மேட்டுக்காரர்கள் அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். இவ்வளவு சுத்தமான வேலையை எங்கள் பக்கத்து நாய்ப் போட்டிகளில்கூட நாங்கள் பார்த்ததில்லை. ஒரு நாளில் ஒரு நாய் அதைக் கற்றுக்கொள்ளாது என்பது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

மெக் துள்ளிக் குதித்து வந்து க்ளெம் முன்னால் உட்கார்ந்து ரொட்டிக்கு முகத்தைத் தூக்கியது.

க்ளெம் கைத்தடியை ஓங்கி அதை அடித்தார். "சனியனே! யார் சொன்னா உன்னைய? யார் சொன்னா?" என்று கத்திக்கொண்டே மறுபடியும் அடித்தார். அதுவரை அந்த நாயை அவர் அடித்ததே இல்லை. அது ஓடக்கூட இல்லை. காதைச் சாய்த்துக்கொண்டு அவரையே பார்த்தது.

"அடிக்காதடா" என்று மேலேயிருந்து ஆம்ப்ரோஸின் அடிக்குரல் வந்தது. "அவ நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கா."

"மெக், வாடி இங்க" என்றார் ஆம்ப்ரோஸ். நாய் க்ளெமை ஒரு தரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சரிவில் ஏறி நாற்காலிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? ஒன்றுமே நடக்கவில்லை. ஹேஸலும் பெர்ஸியும் மறுபடி போய் ஆட்டை ஓட்டிவந்தார்கள். பட்டியில் பிரித்தோம். மத்தியானம் பன்றிக்கறி பணியாரமும் பழ கேக்கும் சீஸும் டீயும் சுற்றிவந்தபோது க்ளெமுக்கும் ஒரு பங்கு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்து போகவில்லை. பெர்ஸிகூட அவரை ஒரு வார்த்தை கேலி பண்ணவில்லை. செத்தவனைத் தவிர வேறு யாரையும் பெர்ஸி விட்டுவைத்ததில்லை. க்ளெம் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாமா என்று இருந்தது அவருக்கு.

"மிஸ்டர் வெல்பர்ன்" என்றாள் ஹேஸல். "பட்டிக் கதவை நீங்க சாத்துறீங்களா, நான் சாத்தட்டுமா?"

மாமா போய் மிஸ்டர் ஆகிவிட்டது. "நான் சாத்துறேம்மா" என்றார்.

மறுநாள் காலை க்ளெம் ஆம்ப்ரோஸின் சமையலறையில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஆம்ப்ரோஸ் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"எப்பலேருந்துடா?"

"ஜூலை."

"ஆஸ்பத்திரிக்குத் திராட்சை கொண்டுவந்தியே. அன்னைக்கும் ஓட்டிட்டுத்தான் வந்தியா?"

"ஆமாண்டா."

ஆம்ப்ரோஸ் டீயை ஒரு வாய் குடித்தார். "திராட்சை நல்லா இருந்துச்சு" என்றார். க்ளெமுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஆம்ப்ரோஸ், என்னைய நாலு அறை அறைடா" என்றார்.

"எனக்கு நிக்கவே முடியல, இதுல அறை வேறயா? என் கவலை நீ இல்லடா. இந்தப் பொண்ணு என்னைய நம்பி வேலையை விட்டுட்டு வந்திருக்கு. இந்த வருஷத்துப் பெட்டைக் குட்டிக கிண்ணத்துல ஒரு கோடை முழுசா மேயலை. அதுக குட்டி போட்டா எதைக் காட்டும், சதுப்பையா? இடம் இல்லாத மந்தையை வச்சுக்கிட்டு இவ என்ன பண்ணுவா?"

"நான் திருப்பிக் கொண்டுவரேன். உள்ள கொண்டுவந்து நிறுத்தறேன். சத்தியமா."



க்ளெம் சொன்னபடி செய்தார், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தன் ஆடுகள் அத்தனையையும் மேட்டிலிருந்து இறக்கி, வீட்டு வயலில் காசு கொடுத்து வாங்கின வைக்கோலைப் போட்டு வைத்தார். மெக்கை முற்றத்தில் கட்டினார். அதை அழைத்துப் போனால் மறுபடியும் வெளியேதானே ஓட்டும்? விடிந்ததும் தனியாகக் கிளம்பிச் சதுப்புக்குப் போய், கையைத் தட்டி, தொண்டை கிழியக் கத்தி, மெட் வீட்டு ஆடுகளைக் கிண்ணத்துக்குள் இறக்குவார். ஒரு ஆடு பிரிந்தால் அதன் பின்னால் ஓடுவார். அதைப் பிடிப்பதற்குள் மற்றது கலையும். மழை, பனி, சகதி எதுவும் பார்க்கவில்லை. நாயில்லாமல் ஓடும் மேய்ப்பனை விட அவலமான காட்சி எங்கள் பக்கம் வேறு கிடையாது. கார்க்காரர்கள் நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஒரு அம்மாள் கண்ணாடியை இறக்கி, "உங்ககிட்ட நாய் இல்லையா?" என்று பரிதாபமாகக் கேட்டாள்.

"இருக்கும்மா. அதுக்கு வெளிய ஓட்ட மட்டுந்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடினார்.

குளிர்காலம் முழுக்க இப்படியே போனது. ஊற்றோரம் கொண்டுவந்து விட்டு, வைக்கோல் தூவி, விளிம்பில் நின்று காவல் காப்பார். இருட்டியதும் வீட்டுக்குப் போவார். காலையில் வந்தால் சதுப்பில் நிற்கும். இன்னும் கொஞ்ச நாள், பழகிவிடும் என்று எனிட்டிடம் சொல்லுவார். அவள் ஈரக் காலுறையை வாங்கி அடுப்போரம் காயப் போடுவாள்.

ஏப்ரலில் குட்டிகள் பிறந்து நடமாடத் தொடங்கியிருந்தன. ஒரு நாள் விடிகாலையில் சாலையில் ஹேஸல் அவரை நிறுத்தினாள்.

"மிஸ்டர் வெல்பர்ன், இப்படி வாங்க. சுவருக்கு இந்தப் பக்கமா, குனிஞ்சு வாங்க."

கிண்ணத்தின் விளிம்பை ஒட்டிச் சாலை நெடுக இடுப்பளவு கற்சுவர் ஒன்று உண்டு. அவள் காட்டின இடத்தில் கல் இடுக்கு வழியாகப் பார்த்தார். கீழே ஊற்றைச் சுற்றி மெட் வீட்டு ஆடுகள் மொத்தமும் நின்றன. யாரும் ஓட்டாமல், தாமாகவே வந்து நின்றன. குட்டிகள் தாயின் வயிற்றில் முட்டி முட்டிப் பால் குடித்தன. கிழட்டு ஆடு படுத்து அசைபோட்டது.

"வந்துருச்சே!" என்றார் க்ளெம். "ஹேஸல், வந்துருச்சும்மா!"

"வந்துருச்சு. கொஞ்ச நாளாவே வருது. ஞாயித்துக்கிழமை நீங்க சர்ச்சுல இருக்கறப்ப வருது. நீங்க வீட்டுக்குப் போனப்புறம் வருது." அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "இப்ப எந்திரிச்சு நில்லுங்க."

எழுந்து நின்றார். கைத்தடிகூடக் கையில் இல்லை.

கிழட்டு ஆடு தலையைத் தூக்கியது. ஒரு கத்துக் கத்தியது. அவ்வளவுதான், அத்தனை ஆடும் வாயிலிருந்த புல்லோடு எழுந்துவிட்டன. பால் குடித்துக்கொண்டிருந்த குட்டிகள் மடி நழுவித் தடுமாறித் தாயின் பின்னால் ஓடின. நாய் இல்லை, விசில் இல்லை. தாய் முன்னால், குட்டி பின்னால், வடக்குத் தடத்தில் வரிசையாக ஏறி, ஒன்றுவிடாமல் போய்விட்டன. பிறந்து பத்துப் பதினைந்து நாளான குட்டி ஒன்று விளிம்பில் நின்று திரும்பி அவரை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனது.

க்ளெம் சுவரைப் பிடித்துக்கொண்டார். குளிர்காலம் முழுக்கத் தான் என்ன கற்றுக்கொடுத்தோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சீங்க. அது சித்தப்பாவுக்கும் தெரியும்" என்றாள் ஹேஸல்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? நீயே சொல்லு."

"வராதீங்க" என்றாள். பிறகு, "உங்க ஆட்டையும் நானே ஏத்தி இறக்கிக்கறேன். நீங்க இந்தப் பக்கம் வரவே வேண்டாம்" என்றாள்.

அவர் மறுபடி சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். ஆடுகள் ஒவ்வொன்றாக விளிம்பில் தலை காட்டி, மோப்பம் பிடித்து, யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு இறங்கி வந்தன. க்ளெம் சத்தம் போடாமல் தொப்பியை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கையையும் முழங்காலையும் ஊன்றிச் சுவர் ஓரமாகவே தவழ்ந்து வீட்டுப் பக்கம் போனார்.

ஊருக்குள் வர அவருக்கு அந்தச் சாலையை விட்டால் வேறு வழி கிடையாது. இன்றைக்கும் கிண்ணத்தைக் கடக்கும்போது சுவர் முடிகிற வரைக்கும் அந்த ஆறடி மனுஷன் குனிந்துதான் நடக்கிறார். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள், "பாவம், பெரியவருக்கு முதுகுல என்ன?" என்று எங்களிடம் கேட்பதுண்டு. முதுகு வலி என்று சொல்லிவிடுகிறோம்.